எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை

நான் இருக்கும் ஊரில் பேருந்து நிறுத்தத்தில் ஐந்து பேர் நின்றால் ஆளுக்கு ஆள் இரண்டு கை நீளம் இடைவெளி விட்டுத்தான் நிற்பார்கள். மழை கொட்டினாலும் அப்படித்தான். கூரைக்கு அடியில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் வெளியே நின்று நனைவாரே தவிர, உள்ளே வந்து ஒட்டி நிற்க மாட்டார். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும், நின்றுகொண்டே வருவார்கள். நார்வேயின் மேற்குக் கரையில், கடல் உள்ளே புகுந்து மலைகளுக்கு நடுவே கிடக்கிற ஒரு சின்ன ஊர் இது. மீன் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காதடைப்பான் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம். வந்தபோது இரண்டு பேராக வந்தோம், இப்போது நான் மட்டும்தான். ஆனால் இதே மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்போது எதிரில் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து ‘ஹை’ என்கிறார்கள். ஊருக்குள் என்னைக் கண்டால் செல்போனைப் பார்க்கிறவர், அறுநூறு மீட்டர் உயரத்தில் என்னிடம் வானிலை பற்றிப் பேசுகிறார். அந்த ஒரு ‘ஹை’க்காகத்தான் நான் மலை ஏறவே ஆரம்பித்தேன் என்றால் நம்புவீர்களா? நல்ல வெயில் அடிக்கிற ஞாயிறு என்றால் முப்பது, நாற்பது ஹை கிடைக்கும். வாரம் முழுக்க அதை வைத்து ஓட்டலாம்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. எங்களுக்கும் மலை உண்டு, ஆனால் எங்கள் மலை வேறு. உச்சியில் சாமி இருக்கும், அடிவாரத்திலிருந்து அதுவரை படி இருக்கும், படி நெடுக ஆள் இருக்கும். நீர்மோர் விற்கிறவர், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட அத்தை, தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு, எல்லாம் இருக்கும். ஏற்காட்டுக்குப் போனாலும் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டிப் பேருந்து வளைவு வளைவாக ஏறி, இறக்கிவிடுகிற இடத்தில் மிளகாய் பஜ்ஜிக் கடைதான் முதலில் தெரியும். எங்கள் ஊர் மலையில் ஆள் தொலைவது என்றால் கூட்டத்தில் தொலைவதுதான். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளை ஓடி வந்துவிடும். மலையில் தன்னந்தனியாக இருப்பது என்றால் என்னவென்று சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு உண்மையில் தெரியாது. எனக்கும் தெரியாது. இங்கே முதல்முறை பனிமூட்டத்தில் மாட்டியபோது, என் கால் எனக்குத் தெரியாமல் போனபோது, வாய்விட்டு அழுதேன். அழுத சத்தம்கூட எங்கும் பட்டுத் திரும்பி வரவில்லை.

எதிர்வீட்டில் லிவ் என்ற அம்மாள் இருக்கிறாள். ஓய்வு பெற்றவள், மீட்புக் குழுவில் தன்னார்வலர். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் போதும், அவள் தோட்டத்திலிருந்து கேட்பாள்: “வூர் ஸ்கால் து?” எங்கே போகிறாய் என்று அர்த்தம். இங்கே அது மரியாதை. மலைக்குப் போகிறவர் எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவார். யாரும் கேட்காவிட்டால் அவரே சொல்வார். எனக்கோ அவள் கேட்டவுடன் வைத்த கால் நின்றுவிடும். கிளம்புகிறவளைப் பார்த்து இப்படிக் கேட்கிறாளே, போகிற காரியம் உருப்படுமா என்று இருக்கும். சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பிப் போய், செருப்புப் பலகையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி புதிதாகக் கிளம்புவேன். இது ஒரு வருடம் நடந்தது. ஒருநாள் அவள் மிகவும் அக்கறையாக, “நீ தினமும் எதையாவது மறந்துவிடுகிறாய். மருத்துவரிடம் சொல்லிப் பார்த்தாயா?” என்றாள். என் நார்வேஜியத்தில் நான் என்ன விளக்குவது? சரி, சொல்கிறேன் என்றேன்.

வெறும் சாத்திரம் என்று என்னால் உதற முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அப்பா ரிக்கு வண்டியில் இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரிகள் எங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் சுற்றும். வண்டி எடுக்கிற அன்று கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அந்த நேரத்தில் எங்கே போகிறது என்று ஒரு வாயும் திறக்காது. எனக்கு எட்டு வயது. அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கீழே நின்றுகொண்டு, “எங்கப்பா போறீங்க?” என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். அப்பா இறங்கினார். கூட வந்த ஆறேழு பேரும் இறங்கினார்கள். அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. வேறு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வண்டி நகர்ந்தது. அந்தத் தடவை எங்கேயோ ஒரு குழியில் துளை போடுகிற ராடும் பிட்டும் சிக்கி, எடுக்கவே முடியாமல் விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. “பாப்பா கேட்டுப்புட்டா, அதான்” என்று மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அதற்குப் பிறகு படியிறங்குகிற யாரிடமும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நார்வேக்கு என்னுடன் வந்தவர் பெட்டியோடு கிளம்பிய அன்றும் கேட்கவில்லை.

தாரணி வந்தது போன ஜூன் மாதம். இருபத்து மூன்று வயது. ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறாள். பள்ளிபாளையத்துப் பெண், அப்பா இல்லை, அம்மா வீட்டோடு நான்கு விசைத்தறி போட்டு ஓட்டுகிறார். என் ஒன்றுவிட்ட தம்பியோடு கல்லூரியில் படித்தவள் என்பதால் அவன் என் எண்ணைக் கொடுத்திருந்தான். நார்வேயைச் சுற்றிப் பார்க்கத் தனியாக வருகிறாள், நான்கு நாள் உன் வீட்டில் தங்கட்டும் என்றான். வியாழக்கிழமை மாலை முதுகில் பையோடு வந்து கதவுக்கு முன்னால் நின்று, “ஏனுங்க்கா, ஊடு இதுதானுங்களா?” என்றாள். ஊடு என்ற அந்தச் சொல்லை நேரில் ஒரு வாயிலிருந்து கேட்டு எனக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. தொலைபேசியில் கேட்பது வேறு. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்து இடைவெளியெல்லாம் அன்றைக்கு மறந்துபோனது.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கிளம்பும்போது கேட்கக் கூடாது, சரி. முதல்நாள் இரவு சாப்பிடும்போது கேட்கலாம், அதற்குத் தடை கிடையாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை முழுக்க எனக்கு நேரம் இருந்தது. அவள் இந்த ஊரைச் சுற்றி இருக்கிற மூன்று மலைகளையும் பற்றிக் கேட்டாள். எது அழகு, எதில் அருவி, எதில் ஏரி என்று கேட்டாள். நான் ஏதோ பதில் சொல்லிவிட்டு, பள்ளிபாளையம் பாலத்தில் இப்போதும் அந்த நெரிசல்தானா என்று கேட்டேன். காவிரியில் தண்ணீர் வருகிறதா, காகித ஆலை வாடை இப்போதும் அடிக்கிறதா, ஈரோட்டுக்குப் போகிற டவுன் பஸ் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பசி அடங்கவில்லை. நாளைக்கு எந்த மலைக்குப் போகிறாய் பெண்ணே என்று கேட்க வேண்டிய நேரத்தையெல்லாம் நான் என் பேச்சுப் பசிக்குத் தின்றுவிட்டேன். தப்பு சாத்திரத்தின் மேல் மட்டும் இல்லை.

சனிக்கிழமை எனக்கு வேலை. அவள் எனக்கு முன்னால் எட்டு மணிக்கே கிளம்பினாள். நீல ஜீன்ஸ், பருத்தி டீசர்ட், மேலே மெல்லிய மஞ்சள் கோட்டு, சாதாரண ஓட்டக் காலணி. எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். வாசலில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினாள். அந்த நேரத்தில்தான் கேள்வி என் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். அவள் எழுந்து நின்றாள், ஒரு கால் படிக்கு வெளியே போய்விட்டது. நான் விழுங்கிவிட்டேன். “போயிட்டு வா சாமி” என்றேன். “போயிட்டு வாரேனுங்க்கா” என்றாள். அந்தப் பதில் காதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? போகிறேன் என்று சொல்லாமல் வாரேன் என்று சொல்கிற பிள்ளை, நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவினேன்.

நான் மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பினேன். ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. அவள் செல்போன் அணைந்திருந்தது. இங்கே ஜூனில் இருட்டாது. இருட்டாததால் பயமும் தாமதமாகத்தான் வருகிறது. வெளிச்சம் இருக்கிறதே, படம் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று மனம் சமாதானம் சொல்லும். நம் ஊரில் ஆறரைக்குப் பெண் வரவில்லை என்றால் தெருவே எழுந்து நிற்கும். ஏழரைக்கு நான் லிவ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “எந்த மலைக்குப் போனாள்?” தெரியாது என்றேன். எனக்கு மொழி புரியவில்லை என்று நினைத்து மெதுவாக மறுபடி கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு காவலர் வந்தார், அவரும் கேட்டார். கோட்டு என்ன நிறம், காலணி எப்படி, என்ன சாப்பாடு எடுத்துப் போனாள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவள் அம்மா தறியில் என்ன ஓடுகிறது என்பது வரை எனக்குத் தெரியும். எந்த மலை என்பது மட்டும் தெரியாது. காவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “உங்களுக்குள் சண்டையா?” என்று கேட்டார். ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிற பெண்ணிடம் எங்கே என்று கேட்காமல் இருப்பதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். எங்கள் ஊரில் கேட்கக் கூடாது என்றேன். ஏன் என்றார். கேட்டால் கெட்டது நடக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், லிவ்வைப் பார்த்தார், வேறு பக்கம் புரட்டினார். அருவியைப் பற்றித்தான் நிறையக் கேட்டாள் என்று நான் சொன்னேன். அதனால் எல்லோரும் அருவி இருக்கிற மேற்கு மலைக்குப் போனார்கள். நாய்கள் போயின, ஹெலிகாப்டர் போயிற்று. மலைமேல் மூட்டம் இறங்கியிருந்ததால் அது பாதியில் திரும்பியது.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன். காலை ஏழு மணிக்கு, அதாவது நம் ஊரில் பத்தரைக்கு, தாரணியின் அம்மாவை அழைத்தேன். பேர் சொல்லும் முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். பின்னால் தறிச் சத்தம்.

“சொல்லுங்க அம்மணி. புள்ள எந்திரிச்சிருச்சுங்களா? நேத்து உங்ககூட ஊரு சுத்தறேன்னு போட்டோவெல்லாம் போட்டுதுங்க. நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் நானும் நிம்மதியா இருந்தனுங்க.”

தனியாக மலைக்குப் போகிறேன் என்றால் அம்மா பயப்படுவார் என்று அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நான்காவது நின்ற பிறகு மறுமுனையில் தூரத்து லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

“எங்க போறேன்னு சொல்லுச்சுங்களா?” என்று கேட்டார்.

“நான் கேக்கலீங்க்கா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று இருந்தது. அவர் ரொம்ப மெதுவாக, “கெளம்பறப்ப எப்படிங்க கேப்பீங்க” என்றார்.

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது அழுதேன். இந்த நாட்டில் ஒருவருக்கும் விளங்காத என் தப்பு, நான் யாருடைய பெண்ணைத் தொலைத்துவிட்டு நின்றேனோ அந்த ஒருவருக்குத்தான் விளங்கியது. அவர் அழவில்லை. “அழுவாதீங்க. அந்தப் போட்டோவ அனுப்பட்டுங்களா? எந்த எடம்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?” என்றார். படம் வந்தது. குவித்து வைத்த கற்கள், அதில் சிவப்புச் சாயத்தில் வழிக்குறி, பின்னால் பாதி உறைந்த ஒரு சின்ன ஏரி. லிவ் அதை என் கையிலிருந்து வாங்கி ஒரு நொடிதான் பார்த்தாள். கிழக்கு மலை. அருவிக்கு நேர் எதிர்ப்பக்கம். பதினோரு மணி நேரம் நாங்கள் தப்பான மலையில் தேடியிருந்தோம், அதுவும் நான் கைகாட்டிய மலையில்.

மதியம் ஒரு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். ஏரியைத் தாண்டி ஒரு பனித்திட்டு, பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்திருக்கிறது. அடியில் ஓடை ஓடி உள்ளே பொக்கையாகிவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? ஜூன் மாதத்தில் பனியைக் காலால் தொடுகிற ஆசையில் நடுவில் போயிருக்கிறாள். உடைந்து உள்ளே விழுந்து, ஓடைக் கல்லில் கணுக்கால் நொறுங்கிவிட்டது. ஊர்ந்து வெளியே வந்து ஒரு பாறை இடுக்கில் கிடந்திருக்கிறாள். பருத்தித் துணி நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செல்போன் ஓடைத் தண்ணீரோடு போனது. எலுமிச்சைச் சாதத்தைப் பாதி தின்று, பாதியை மிச்சம் வைத்திருந்தாள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார், லிவ் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் அவள் தெளிவாகப் பேசினாள். அடிவாரத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருந்திருக்குமே, அதில் நோட்டு இருக்கும், பேரும் போகிற வழியும் எழுதிவிட்டுப் போக வேண்டும், பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவள் விழித்தாள்.

“அதுங்களா? நான் உண்டியல்னு நெனச்சனுங்க்கா. கண்ணுல ஒத்திக்கிட்டு மேல ஒரு காசு வெச்சுட்டுப் போனேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்தால் கால் வலித்ததால் அழுகையும் சேர்ந்து வந்தது. மலை ஏறுகிற இடத்தில் இரும்புப் பெட்டி இருந்தால் நம் ஊர்ப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்? சாமி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் போயிருக்கிறாள். எங்கே போகிறாய் என்றுதான் அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. நானும் கேட்கவில்லை, கேட்ட ஒன்றையும் அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வெளிநாடுகளில் படிக்கிற, பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்புகிற பிள்ளைகள் இதைப் படித்தால் உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தாரணி அந்த ஏரிக்கரையில் தனக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தை இன்றும் கண் மின்னச் சொல்கிறாள். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அம்மா பயப்படுவார் என்று பொய் சொல்லிவிட்டு மலை ஏறாதீர்கள். உங்களைத் தேடி வருகிறவர்கள் அந்தப் பொய்யில்தான் முதலில் வழி தவறுவார்கள். உங்கள் செல்போன் படத்தில் வருகிற மலையில் வழுக்கல் தெரியாது, காற்று தெரியாது, மூட்டம் பத்து நிமிடத்தில் இறங்கும் என்பது தெரியாது. ஜீன்சைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இருட்டாது என்பதால் நேரம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். யாரோ ஒருவரிடம், தங்குகிற விடுதிக்காரரிடமாவது, இந்த மலை, இந்த வழி, இத்தனை மணிக்கு வருவேன், வராவிட்டால் ஆள் அனுப்பு என்று சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். இங்கே பிறந்தவர்களே சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். என்னைப் போல வந்து குடியேறியவர்களுக்கு ஒன்றே ஒன்று: பேச ஆள் கிடைத்தது என்று ஊர்க்கதை பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள், ஆனால் நடுவில் நாளைக்கு எங்கே என்று கேட்டுவிடுங்கள்.

கணுக்காலில் தகடு வைத்துத் தைத்து, மூன்று வாரம் என் வீட்டில் இருந்துவிட்டு அவள் ஜெர்மனிக்குத் திரும்பினாள். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறாள், அது அப்படியே இருக்கும் என்றார்கள். அவள் போன பிறகு வீட்டில் இருந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. மலைக்கும் போகவில்லை. இரண்டு மாதம் யாருடைய ஹையும் வேண்டாம் என்று இருந்தேன்.

தை மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது பள்ளிபாளையத்துக்குப் போனேன். தாரணியின் அம்மா கூப்பிட்டிருந்தார். தறிகளை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. சாப்பிடச் சொல்லி மூன்று முறை பரிமாறினார். தாரணி இப்போதெல்லாம் கடைக்குப் போனால்கூட எங்கே என்று செய்தி அனுப்புகிறாளாம். நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நூல் விலை, தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேசினோம். நான்கு மணிக்கு எழுந்தேன். வாசலில் வந்து ஒரு காலில் செருப்பை மாட்டினேன்.

“ஏனுங்க அம்மணி, இப்ப எங்கீங்க போறீங்க?” என்றார்.

இருவரும் அப்படியே நின்றோம். கேட்டது அவர்தானா என்று எனக்குச் சந்தேகம். என் கால் தானாகப் பின்வாங்கியது. அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் பார்வையை விலக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

“திருச்செங்கோட்டுக்குங்க்கா. நாலரை பஸ்சு. அஞ்சரைக்குள்ள ஊட்டுக்குப் போயிருவேன்.”

“அப்பறம்?”

“புதன்கிழமை கோயமுத்தூருல பிளேனுங்க. வியாழக்கிழமை மத்தியானம் அங்க எறங்கிருவேன்.”

“எறங்கி?”

“எறங்கி, பஸ்சுல ரெண்டு மணி நேரம். அப்பறம் ஊடுதானுங்க.”

“அங்க ஊட்டுல யாருங்க இருக்காங்க?”

“யாருமில்லீங்க.”

அவர் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “அப்ப எனக்குப் போன் போடுங்க. ஊடு சேந்ததும் போடுங்க. மலைக்கிப் போனாலும் எந்த மலைன்னு போடுங்க. எனக்குப் பேரு வாயில நொழையாது, இருந்தாலும் சொல்லுங்க” என்றார். சரி என்றேன்.

“கெளம்பறப்பக் கேட்டுப்புட்டனுங்க. அப்படியே போகாதீங்க. செத்த உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக உள்ளே போனார். ஒரு காலில் செருப்போடு, இன்னொரு கால் வெறுமனே தரையில் பட, நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். அவர் சொம்போடு வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். நாலரை பஸ் போய்விடும் என்று தெரிந்தும் நான் மெதுவாகத்தான் குடித்தேன்.